பதறாத நெஞ்சு

துளசிமணி வந்த அன்று கோகிலவாணி ஆய்வகத்தில் செல்களுக்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிண்ணத்திலுள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஐம்பத்து நான்கு வயதாகி, பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று ஒட்டிக்கொண்ட பிறகும் இந்த வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை.

"யாரோ ஒரு அம்மா வந்திருக்காங்க மேடம். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா கேக்க மாட்டீங்கறாங்க. மருந்து கண்டுபிடிச்சவங்களத்தான் பாக்கோணுமாம்" என்று காவலர் வந்து சொன்னார்.

துளசிமணியின் கணவர் வேலுச்சாமி சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. மாரடைப்பில் இதயத் தசையில் பாதி செத்துப்போய், கட்டிலைவிட்டு இறங்கினாலே மூச்சு வாங்கும் நிலையில் வந்தவர். கோகிலவாணியின் மருந்தை முதன்முதலாகப் போட்டுக்கொண்ட மனிதர் அவர்தான். எட்டு மாதம் ஆகிறது. இப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தே போகிறார்.

"எப்பிடி இருக்காருங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"நல்லா இருக்காருங்க. பசிக்குது, தூங்கறாரு, வேலைக்குப் போறாரு." துளசிமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையின் காதைப் பிசைந்துகொண்டிருந்தாள். "ஆனா ஆளு வேற மாதிரி ஆயிட்டாருங்க மேடம்."

"வேற மாதிரின்னா?"

"போன மாசம் புள்ளையக் கட்டிக்குடுத்தோம். அது கார்ல ஏறறப்ப சொந்தபந்தமெல்லாம் அழுவுதுங்க. இவரு நின்னுட்டு, டயர்ல காத்து கம்மியா இருக்குது, பாத்துப் போங்கங்கறாரு. முன்னாலயெல்லாம் ஒரு நூலு அறுந்தாப் போதும், இவரு போடற சத்தத்துல தறிக்கூடமே அதிரும். இப்பக் கோவமே வர்றதில்லைங்க. இது மருந்துனாலயான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"எனக்குத் தெரியலைங்க. பாக்கறேன்."

துளசிமணி இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாமென்று எழுந்து போய்விட்டாள்.

அந்த மருந்துக்குப் பின்னால் முப்பது வருட உழைப்பு இருந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன்னால் அதற்குள்ளிருக்கும் ஒரு சின்னப் புள்ளி முதலில் இரண்டாகிறது. இரண்டும் ஆளுக்கொரு கோடிக்கு விலகிப் போய் நின்று, அங்கிருந்து நூல்விட்டு, குரோமோசோம்களைச் சரிபாதியாக இழுத்துக்கொள்கின்றன. சென்ட்ரோசோம் என்று அதற்குப் பெயர். எம்.எஸ்ஸி. படிக்கும்போது நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிர்ந்த அந்தப் புள்ளிகள் இரண்டும் பிரிவதை முதல்முறை பார்த்த கோகிலவாணி, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு வேறு எதையும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அதைத் தெரிஞ்சு என்னாகப் போகுது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வேறு மாதிரி கேட்டவர் திருமூர்த்தி ஒருவர்தான். கணபதிப் பகுதியில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அவர் பெண்பார்க்க வந்திருந்தார். கேசரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் ஒரு காகிதத்தில் செல்லை வரைந்து காட்டினாள். அவர் அதையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "செரி, அந்தப் புள்ளி இல்லாட்டி என்னாகும்?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். பதில் கண்டுபிடிக்கத்தான் பதினோரு வருடம் ஆயிற்று. இதயத் தசைச் செல்கள், பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே தங்கள் சென்ட்ரோசோமைக் கலைத்துவிடுகின்றன. புள்ளி போய்விட்டால் பிரிய முடியாது. அதனால்தான் தோலில் காயம் ஆறுவதுபோல் இதயத்தில் காயம் ஆறுவதில்லை.

"ஏன் கலைச்சுப்போடுது?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"பிரியறதுன்னா அந்தச் செல்லு தன்ற தசை நாரையெல்லாம் தளத்திக்கோணும் மாமா. அந்த நேரத்துல அது துடிக்காது."

"அதுஞ்செரிதான். ஓடற மோட்டாருக்குக் காயில் கட்ட முடியாதல்ல. நிறுத்தித்தான் கட்டோணும். நெஞ்ச எங்க நிறுத்தறது?"

நிறுத்தாமல் கட்ட ஒரு வழி இருந்தது. நூறு செல்லில் ஐந்துக்கு மட்டும் புள்ளியைத் திருப்பிக் கொடுப்பது. அவை பிரிந்து முடிந்ததும் அடுத்த ஐந்து. அறுபது நாளில் புள்ளிகள் தாமாகவே கரைந்துவிடும். கிண்ணத்திலிருந்து எலிக்கும், எலியிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து வேலுச்சாமிக்கும் வந்து சேர அவளுக்கு இன்னும் பதினாறு வருடம் பிடித்தது.

துளசிமணி போன பிறகு கோகிலவாணி நோயாளிகளின் பதிவுகளை எடுத்தாள். மருந்து போட்டுக்கொண்ட நாற்பத்தொரு பேரும் கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். அது நாடித்துடிப்பை இடைவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். படி ஏறினால் துடிப்பு ஏறியது, ஆனால் மெல்ல. உட்கார்ந்தால் இறங்கியது, அதுவும் மெல்ல. திடீரென்று துள்ளிய இடம் ஒன்றுகூட இல்லை. வேலுச்சாமியின் மகள் கல்யாண நாளைத் தேடிப் பார்த்தாள். காலை முதல் பொழுது சாயும்வரை ஒரே கோடு.

காரணத்தைப் பன்றியின் இதயத்தில் கண்டுபிடித்தாள். இதயச் செல் ஒவ்வொன்றையும் மெல்லிய நரம்பு நுனிகள் பற்றிக்கொண்டிருக்கின்றன. செல் பிரியும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது. புதிதாகப் பிறந்த செல்லை நரம்பு தேடி வருவதில்லை. பயத்தையும் கோபத்தையும் மூளை நெஞ்சுக்குச் சொல்லி அனுப்பினால் நெஞ்சு கேட்பதில்லை. ரத்தத்தில் கலந்து அந்தச் சேதி தாமதமாக வந்து சேர்வதற்குள், பயப்பட வேண்டிய நேரமே கடந்துவிடுகிறது.

சிகிச்சையை நடத்திய இதய மருத்துவர் அருளானந்தம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நெஞ்சு படபடக்குதுன்னு வர்றவங்களுக்கு மாத்திரை எழுதறது என் தொழில். படபடக்கலைன்னு வந்தா நான் என்ன எழுதறது? இது ஒரு வியாதியா?"

"வியாதியில்லைங்க டாக்டர். ஆனா போட்டுக்கறவங்களுக்கு முன்னாலயே தெரியோணுமல்லங்க."

"தெரிவிக்கணும்னா சிகிச்சையை நிறுத்திட்டு மறுபடி அனுமதி வாங்கணும். மாசக்கணக்காகும். வரிசையில முந்நூறு பேர் காத்திருக்காங்க. உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுமதி தருபவர்களுக்கு அறிக்கை அனுப்பினாள். சிகிச்சை ஐந்து மாதம் நின்றது. அந்த ஐந்து மாதத்தில் காத்திருந்தவர்களில் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். ஒன்பது பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். அவர்களில் ஒருவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, "படபடக்காட்டி என்னங்க? எங்கப்பா இருந்திருப்பாரல்லங்க" என்றாள். கோகிலவாணி தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்தான் வைத்தாள்.

சிகிச்சை மறுபடி தொடங்கிய ஆறாவது வாரம், பட்டறையில் ஒரு மோட்டாரைத் தூக்கி வைக்கும்போது திருமூர்த்தி சரிந்து விழுந்தார்.

உயிர் தப்பியது. ஆனால் இதயத்தின் வேலை கால்வாசிக்கு இறங்கிவிட்டது. அருளானந்தமே வந்து மருந்தைப் பற்றிச் சொன்னார். உறவு என்பதால் கோகிலவாணி அந்தச் சிகிச்சையில் தலையிடக் கூடாது என்றும், அவருடைய முடிவை அவரேதான் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திருமூர்த்தி படிவத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா உம்மேல இருக்கற பிரியம் போயிருமா?"

"பிரியம் மூளையில இருக்குது மாமா. நெஞ்சுக்கு வர்ற சேதிதான் நின்னுபோகும்."

"அப்பறம் நீ எதுக்கு மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கே?"

"அது மட்டுந்தானான்னு எனக்குத் தெரியல. எலிகிட்டயும் பன்னிகிட்டயும் கேக்க முடியல."

அவர் சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. "உன்னப் பாத்துப் படபடத்ததெல்லாம் அந்தக் கேசரி திங்கறப்பவே முடிஞ்சுபோச்சு அம்மிணி. அதுக்கப்பறம் பாதி நாளு படபடப்பு உன்ற சாம்பாரப் பாத்துத்தான். பேனாவக் குடு."

மூன்று மாதத்தில் அவர் பட்டறைக்குப் போனார். அறுபத்தேழாம் எண் நோயாளி என்று அவருடைய கோடும் ஆய்வகத்துக்கு வந்தது. பெயர் இருக்காது, அவர் கைப்பட்டையிலிருந்த எண் மட்டுந்தான் இருக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்பது விதி. கோகிலவாணி பார்த்தாள்.

நாடித்துடிப்பு எண்பத்தெட்டு. அவர்களுடைய மகள் ஒரு வருடம் கழித்துப் புனேயிலிருந்து வந்து வாசலில் இறங்கியபோது எண்பத்தெட்டு. தங்கள் கல்யாண நாளில் கோகிலவாணி புதுச் சேலை கட்டி வந்து நின்றபோதும் எண்பத்தெட்டு. பொள்ளாச்சியில் அவருடைய அண்ணன் மாணிக்கம் தவறிப்போனபோது, தூக்கி வளர்த்த அண்ணனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு குறையுமில்லாமல் செய்தார் திருமூர்த்தி. பந்தல் சொன்னார், ஆட்களுக்குச் சாப்பாடு சொன்னார், சுடுகாடுவரை தோள் கொடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அண்ணி சரஸ்வதி எல்லோர் முன்னாலும், "தம்பிக்கு மருந்து போட்டு நெஞ்சக் கல்லாக்கிப்போட்டா அவரு பொண்டாட்டி" என்றாள். அதன் பிறகு அவள் இவர்களோடு பேசவில்லை.

ஒருநாள் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த திருமூர்த்தி, "என்ற கோட்ட எடுத்துப் பாக்கறியா?" என்று கேட்டார்.

அவள் தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "யாரு சொன்னது?"

"யாரு சொல்லோணும்? சாங்காலம் வர்றப்பவே பரிச்சையில பெயிலானவ மாதிரி வர்றே. என்ன இருக்குது அதுல?"

"ஒண்ணுமில்ல. அதுதான் மாமா. ஒண்ணுமே இல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

"முன்னாலயெல்லாம் நீ வர நேரமாச்சுன்னா நெஞ்சு அடிச்சுக்கும். என்னயறியாம வாசல்ல வந்து நிப்பேன். இப்ப நெஞ்சு ஒண்ணுஞ் சொல்றதில்ல. மணியப் பாக்கறேன். இவ இன்னும் வரலையேன்னு நெனைக்கறேன். எந்திரிச்சு வந்து நிக்கறேன். அவ்வளவுதான். தானா வந்துட்டு இருந்தத இப்ப நானாப் பண்றேன். ஆனா நிக்கறனல்ல?"

கோகிலவாணிக்கு நினைவு வந்தது. அவள் தாமதமாக வந்த ஒவ்வொரு நாளும் அவர் வாசலில்தான் நின்றிருந்தார். கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் ஆளைப் பார்க்கவில்லை. அடுப்பில் தோசை கருகியது. அவர் எழுந்து போய் அதை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, தோளில் கிடந்த துண்டாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

பிடி விட்ட நரம்புகளைத் திரும்ப அழைக்கும் மருந்து கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. ஒரே ஊசி. போட்டுக்கொண்டால் மூன்று மாதத்தில் நரம்பு நுனிகள் புதிய செல்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு விடுவிக்க முடியாது. நோயாளிகள் அத்தனை பேருக்கும் கடிதம் போனது.

கடிதம் போன நாலாம் நாள் துளசிமணி வந்து நின்றாள். கோகிலவாணி மகிழ்ச்சியோடு எழுந்தாள். இத்தனையும் அந்த அம்மாவின் குறையில் தொடங்கியதல்லவா?

"வேண்டாமுங்க மேடம்" என்றாள் துளசிமணி.

"என்னதுங்க?"

"அந்த ஊசி அவருக்கு வேண்டாமுங்க. அன்னைக்கு நான் குத்தஞ்சொல்ல வரலைங்க. உங்களக் கும்பிட்டுட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "இருவத்தி ரெண்டு வருசம் அடி வாங்கியிருக்கறனுங்க. அவருக்கு ஆஸ்பத்திரியில மருந்து போட்ட நாள்ல இருந்து ஒரு அடி இல்ல. கோவம் வர்றதுக்குள்ள போயிருதுங்க. இப்பத்தானுங்க நான் ஊட்ல சத்தமாப் பேசறேன்."

கோகிலவாணி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். மூன்று வருடமாக இந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான் அவள் வேலை செய்திருந்தாள்.

"அவருகிட்ட மறைக்க முடியாதுங்க. போட்டுக்கறதா வேண்டாமான்னு அவருதான் சொல்லோணும்."

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுத் துளசிமணி போனாள்.

வேலுச்சாமி அடுத்த வாரம் தனியாக வந்தார். படிவத்தை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதப் போட்டுக்கிட்டா பழைய மாதிரி கோவம் வருமுங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. "வருமுங்க. புள்ளையப் பாத்தாச் சந்தோசமும் துள்ளிட்டு வரும். ரெண்டும் ஒட்டுக்காத்தான் வரும். தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்க எனக்குத் தெரியலைங்க."

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். தறியில் தேய்ந்த, பெரிய கைகள்.

"முன்னால நான் கையத் தூக்கி வேட்டி மடிச்சாக்கூட அவ பின்னால நகருவாளுங்க. இப்ப நகர்றதில்ல." படிவத்தை மேசையில் வைத்தார். "எனக்கு வேண்டாமுங்க. இதுனாலதான்னு அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஒடம்பு ஏத்துக்காதுன்னு சொல்லிருங்க."

அந்த ஒரு பொய்யைச் சொல்வதாகக் கோகிலவாணி ஒப்புக்கொண்டாள்.

திருமூர்த்தி உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். "நீங்க இப்பிடியே இருந்தாலும் எனக்குச் சம்மதந்தான் மாமா. நெசமாச் சொல்றேன்" என்று அவள் சொன்னாள். அது உண்மைதான்.

"உனக்குச் சம்மதம். எனக்கு எங்கண்ணனுக்கு அழுகோணும் அம்மிணி."

இரண்டரை மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை இருவரும் ராஜவீதியில் சாலையைத் தாண்டினார்கள். சத்தமே இல்லாமல் வந்த ஸ்கூட்டர் ஒன்று கோகிலவாணியின் முந்தானையை உரசிக்கொண்டு போனது. அடுத்த நொடி அவள் நடைபாதையில் இருந்தாள். திருமூர்த்தியின் விரல்கள் அவள் கையில் பதிந்திருந்தன.

"ரோட்டப் பாத்து வர மாட்டியா? கண்ணு எங்க இருக்குது? உன்ற ஆராய்ச்சிய ரோட்லயா வெச்சிருக்கே?" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். முகம் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. மருந்து போட்டுக்கொண்ட பிறகு இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. கை வலித்தது. இதே குரலுக்கும் இதே பிடிக்கும் பயந்து வாழ்ந்த ஒருத்தியை அவளுக்குத் தெரியும் என்பதும் அப்போது நினைவில் இருந்தது. ஆனாலும் அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அவர் தன் மார்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மிணி, பொள்ளாச்சிக்கு எப்ப பஸ்ஸு?"

"எதுக்குங்க இப்ப?"

"இப்பவே போகோணும்."

உக்கடத்தில் பஸ் ஏறினார்கள். கிணத்துக்கடவு தாண்டியதும் அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடியவே இல்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அண்ணன் வீட்டில் சரஸ்வதி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்து, தேறி, பேரன் பேத்திகளின் பேச்சுக்குச் சிரிக்கவும் பழகிவிட்டவள். படியேறி வந்த திருமூர்த்தி சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தை ஒருமுறை பார்த்தார். அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்து, "அண்ணன் போயிருச்சுங்க அண்ணி" என்றார், ஏதோ இன்றைக்குத்தான் நடந்ததுபோல. சின்னப்பிள்ளைபோல் விக்கி விக்கி அழுதார்.

சரஸ்வதி முன்னாலிருந்த அரிவாள்மணையை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழுங்க தம்பி. அழுங்க" என்றாள். பிறகு, ஒன்றரை வருடமாகப் பேசாமலிருந்த கோகிலவாணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான் வந்து சேந்தாரா உன்ற ஊட்டுக்காரரு?"

"இப்பத்தானுங்க அக்கா."

"நின்னுட்டே இருக்கறியே, உக்காரு. அந்தத் தண்ணிச் சொம்ப எடுத்துட்டு வந்து உக்காரு."